பஞ்சு அறையில் பேரம்

நைனா முகமதுவின் வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இருமி ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் பின்கட்டிலிருந்து இருமல் சத்தம் கேட்டபோது அவருக்குப் பயம் வரவில்லை. மனைவி ஜெயினம்புவுக்குச் சுக்குத் தண்ணி வைக்கணும் என்றுதான் முதலில் தோன்றியது. செருப்பை ஓரமாகக் கழற்றி, தொப்பியை ஆணியில் மாட்டிய பிறகுதான், ஜெயினம்பு மவுத்தாகி, அடக்கம் முடிந்து, வருஷ பாத்திஹாவும் ஓதி முடித்தாகிவிட்டது என்று ஞாபகம் வந்தது. பயம் அதற்கு அப்புறம் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நேரத்தில் வில்லாபுரத்தின் அந்தத் தெருவில் ஆம்பளைகள் பள்ளிவாசலில் இருப்பார்கள், பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள், நாய்கள் நிறுத்திவைத்த கார்களுக்கு அடியில் இருக்கும். தொழில் தெரிந்த திருடனுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. நைனா தனியாள் என்பதும், தொழுகை முடிந்த கையோடு டவுனுக்குள் இருக்கும் தன் மெத்தைக் கடைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார் என்பதும் தெருவுக்கே தெரிந்த விஷயம். அன்றைக்கு அவர் பிரஷர் மாத்திரையை மறந்து வைத்துவிட்டுப் போவார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

படுக்கையறையில் பீரோ திறந்து கிடந்தது. ஜெயினம்புவின் சேலைகள் கட்டிலில் குவிந்திருந்தன. அவள் இருந்த காலத்திலும் சரி, போன பிறகும் சரி, அவர் அந்த பீரோவைத் திறந்ததில்லை. அவளுக்கு இத்தனை சேலை இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. நின்று பார்க்க நேரமில்லை. மறுபடி இருமல்.

சத்தம் பஞ்சு அறையிலிருந்து வந்தது. கடைக்குப் பின்னால் இருந்த குடோனின் வாடகை ஏறிப்போனதும், நைனா இலவம்பஞ்சு மூடைகளை வீட்டுக்கே கொண்டுவந்து அடுக்கிவிட்டார். வீட்டில் ஆளில்லாத அறைகளுக்கா பஞ்சம்? ஈரமும் எலியும் வரக்கூடாது என்று அந்த அறையின் ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசியிருந்தார். கதவு, இடித்த ஒரு பழைய பங்களாவில் பேசி வாங்கிய தேக்கு. சொன்ன விலையில் பாதிக்கு முடித்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். வாசல் கேட் சத்தம் கேட்டு ஒளிய இடம் தேடியவன், வீட்டிலேயே மோசமான அறையாகப் பார்த்து நுழைந்திருக்கிறான். பஞ்சு அறையில் புதிதாக வருகிறவன் இருமாமல் இருக்கவே முடியாது.

நைனா கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியை மாட்டி, பூட்டும் போட்டார். கை அத்தனை வேகமாக வேலை செய்ததில் அவருக்கே ஆச்சரியம். பிறகு பஞ்சு அடிக்கிற பிரம்பை எடுத்துக்கொண்டு ஸ்டூலைப் போட்டுக் கதவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

போலீசுக்குப் போன் போட்டார். எடுத்த பெண் விவரமாகத்தான் கேட்டாள். சித்திரைத் திருவிழா பந்தோபஸ்தில் எல்லாரும் ஆற்றுப் பக்கம் இருக்கிறார்கள், வண்டி அனுப்புகிறோம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அதுவரைக்கும் நீங்களாகக் கதவைத் திறக்க வேண்டாம் என்றாள். அடுத்ததாகப் பக்கத்து வீட்டு செல்வக்குமாருக்குப் போட்டார். அவன் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். மேற்கே சொந்த ஊரில் தோட்டம் துரவு உள்ள குடும்பம். அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவான், வாரத்தில் ஒருநாள்தான் கண்ணில் படுவான். ஷிப்ட் மாற்றிவிட்டு வருகிறேன் என்றவன், கூடவே சட்டமும் சொன்னான்.

"அண்ணே, கதவத் திறந்துட்டு பாஞ்சான்னு வைங்க, மண்டையிலயே போடுங்க. வீட்டுக்குள்ள வந்தவன அடிச்சுக் கொன்னாலும் கேஸ் நிக்காது. நான் வீடியோ பாத்திருக்கேன்."

மண்டையில் போட நைனாவுக்கு இஷ்டம் இல்லை. பிரம்பு பஞ்சுக்கே சரியாக இருக்கும் அளவுக்குத்தான் கனம். ஆனால் அந்தப் பேச்சு கேட்கத் தெம்பாக இருந்தது. மகன் முகமது ஆசிப்புக்கு ஷார்ஜாவில் இப்போதுதான் ஜும்ஆ நேரம். மகள் இஷ்ரத் கோயம்புத்தூரில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பாள். வேறு யாருக்குப் போன் போடுவது என்று பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். பாதிப் பேர் சரக்கு வாங்குகிறவர்கள், மீதி சரக்கு கொடுக்கிறவர்கள். போனை மடியில் வைத்துவிட்டார்.

உள்ளே இருந்தவன் பேச ஆரம்பித்தான்.

முதலில் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பெயர் என்ன என்று இவர் கேட்டார். காளை என்றான். நிஜப் பெயரா என்றார். பொய்ப் பேர் வைக்கிறவன் இதைவிட நல்லதா வைப்பானே பாய் என்றான். நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். வியாபாரத்தில் முதலில் சிரிக்கிறவன் விலையைக் குறைக்க வேண்டியிருக்கும்.

என்ன எடுத்தாய் என்று கேட்டார். ஒரு ஜோடிக் கம்மல், ஒரு லேடீஸ் வாட்ச், ஒரு வெள்ளிச் செம்பு. அதற்கு மேல் எதுவும் இல்லை என்று காளை குறைப்பட்டுக்கொண்டான். பெரிய கடைக்காரர் வீடு என்று வந்தால் பீரோ பூராவும் சேலையாக இருக்கிறது என்றான். நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவ நகையெல்லாம் மகளுக்குக் கொடுத்தாச்சு, இல்லாமல் இல்லை என்று கதவைப் பார்த்து விளக்கம் சொன்னார். சொன்ன பிறகு, திருடனுக்கு எதற்குக் கணக்கு ஒப்பிக்கிறோம் என்று தோன்றியது.

"தனியாவா இருக்கீங்க, பாய்?"

"ஆமா."

"சாப்பாடு?"

"ஓட்டல்ல."

"நெனச்சேன். அடுப்பு மேல அம்புட்டுத் தூசி."

நைனா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜெயினம்பு போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். வரவேற்பறையில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள், டீ வேண்டாம் என்றார்கள், போய்விட்டார்கள். அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்த ஒரே ஆள் இவன்தான்.

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக வந்தது. சமைக்கத் தெரியாதா என்று காளை கேட்டான். இவர் ஒரு தடவை ரசம் வைத்த கதையைச் சொன்னார். மகன் அங்கே வந்து இருக்கச் சொல்கிறான், வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சாக்குச் சொல்லியிருக்கிறேன் என்றார். மதுரை வெயிலை விடவா என்று காளை கேட்டான். இடையிடையே இருமினான். ஒரு வாக்கியத்தை இரண்டு துண்டாக்கிச் சொன்னான். பிறகு மூன்று துண்டாக்கினான்.

"பாய், எனக்கு இழுப்பு இருக்கு. இதுக்குள்ள முடியல. எடுத்தத கதவுகிட்ட வச்சிட்டேன். திறந்து விட்டீங்கன்னா திரும்பிப் பாக்காம ஓடிருவேன்."

இங்கேதான் நைனா முகமது தப்புப் பண்ணினார். அவருடைய அத்தாவும், அத்தாவின் அத்தாவும் கல்லாவில் உட்கார்ந்து பண்ணிப் பண்ணிப் பழகி, அவருக்கு ரத்தத்திலேயே வந்துவிட்ட ஒன்றை இங்கேயும் பண்ணினார். கடைக்கு வருகிறவன் தலையணையை அமுக்கிப் பார்த்து, இது பஞ்சா குப்பையா என்பான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்பான். எல்லாமே முதல் விலை. அதை யாரும் நம்புவதில்லை, நம்பவில்லை என்று கோபித்துக்கொள்வதும் இல்லை. எதிராளி வாயிலிருந்து இரண்டாவது வார்த்தையை வாங்க வேண்டும், பிறகு மூன்றாவதை. உண்மை அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

இழுப்பு உள்ளவன் மருந்து வைத்திருப்பானே, எங்கே என்று கேட்டார். பைக்கில் இருக்கிறது என்றான் காளை. பைக் எங்கே என்றார். அதற்கு உள்ளே பதில் இல்லை. பைக்கைச் சொன்னால் நம்பர் சிக்கும், நம்பர் சிக்கினால் ஆள் சிக்கும் என்று அவனும் அவன் பக்கத்துக்குக் கணக்குப் பார்த்திருக்கிறான். அவன் மறைத்ததும் இவருக்குத் திருப்தி ஆகிவிட்டது. மடியில் சரக்கை வைத்துக்கொண்டு இல்லை என்கிறான், அப்படியானால் மூச்சு முட்டுவதும் வாய்ப்பேச்சுதான்.

கூட யார் வந்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றான். கையில் என்ன வைத்திருக்கிறாய் என்றார். ஸ்க்ரூட்ரைவர். அதைக் கதவுக்கு அடியில் தள்ளு என்றார். இடுக்கு போதவில்லை. இந்தத் தெருவில் வேறு எந்த வீட்டில் கை வைத்தாய் என்றார். இதுதான் முதல் தடவை என்றான் அவன். நைனா மறுபடி சிரிப்பை அடக்கினார். கப்பலூரில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றும் சொன்னான். அதையும் இவர் சில்லறையாகக் கேள்வி கேட்டு வாங்கினார்: என்ன கம்பெனி, என்ன வேலை, மூடி எத்தனை மாசம். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது, ஆனால் வருவதற்கு நேரமாகியது.

கடைசியில் பைக்கும் வந்தது. முக்குல, மாவு மில் பக்கத்துல, பச்சை டேங்க் என்றான். நைனா எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். முக்கு அங்கிருந்து தெரியாது. நடந்து போய்ப் பார்க்கலாம். ஆனால் வீட்டை விட்டுப் போனால் இவன் கதவை உடைப்பான், அதற்குத்தான் அனுப்பப் பார்க்கிறான் என்று தோன்றியது. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். விலை இறங்கிக்கொண்டிருக்கிறது, இப்போது அவசரப்படக்கூடாது.

பேரம் பேசுகிற இடத்தில் மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பது நல்லது. கடையில் தரகர் இருப்பார், 'சரி விடுங்கப்பா' என்று இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்துவிடுவார். வீட்டு வாசலில் கீரைக்காரியிடம் நைனா மல்லுக்கட்டும்போது, உள்ளே இருந்து ஜெயினம்பு போதும் என்பாள், அத்தோடு முடிந்துவிடும். அன்று அந்த வீட்டில் போதும் என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

"பாய்" என்றான் காளை. பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இதுவும் நைனாவுக்குத் தெரிந்ததுதான். விலை படியாதவன் பேச்சை நிறுத்திவிட்டுப் படியிறங்கிப் போவான். கூப்பிட்டால் தோற்றோம். நைனா தன் ஆயுசில் படியிறங்கிய ஒருவனைக் கூப்பிட்டதில்லை, பாதிப் பேர் முக்கு வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு அவரும் வாயை மூடிக்கொண்டார். வீடு பழையபடி ஆகிவிட்டது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. தொழ எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஸ்டூல் சத்தம் கேட்டு, இவர் இறங்கி வந்துவிட்டார் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

செல்வக்குமாரும் போலீசும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். தெருவும் கூடவே வந்தது. செல்வக்குமார் கிரிக்கெட் மட்டையை ஓங்கிக்கொண்டு நிற்க, போலீஸ்காரர் சாவியை வாங்கித் திறந்தார். மட்டை இறங்கியது.

காளை மூடைகளில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். சட்டையைத் தூக்கி மூக்கையும் வாயையும் கட்டியிருந்தான். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. நாற்பது வயதிருக்கும். நிலைப்படி ஓரத்தில் கம்மல் ஜோடி, அதன் பக்கத்தில் வாட்ச், அதன் பக்கத்தில் செம்பு, கடைசியாக ஸ்க்ரூட்ரைவர். கடையில் வைக்கிற மாதிரி வரிசையாக வைத்திருந்தான். பச்சை டேங்க் பைக் முக்கில் நின்றது. அதன் பெட்டிக்குள் மருந்து இருந்தது.

அதற்குப் பிறகு நைனாவுக்கு நல்ல பெயர் வந்தது. கேட்காமலேயே வந்தது. சந்தேக மரணம் என்று எழுதினார்கள், மூச்சுத் திணறல் என்று ரிப்போர்ட் வந்தது. இன்ஸ்பெக்டர் உட்கார வைத்து, நீங்கள் அடிக்கவில்லை, குத்தவில்லை, உங்கள் வீட்டு அறையை நீங்கள் பூட்டினீர்கள், போலீசுக்கும் சொல்லிவிட்டீர்கள், வயசான காலத்தில் தைரியமாகத்தான் இருந்திருக்கிறீர்கள் என்றார். அவன் கேட்டான் சார் என்று நைனா ஆரம்பித்தார். எல்லாத் திருடனும் கேட்கத்தான் செய்வான் என்று அவர் முடித்துவிட்டார். கடைத்தெருவில் ஒரு வாரம் இதே பேச்சு. பஞ்சை வைத்து ஆளைத் தூக்கியவர் என்று பக்கத்துக் கடைக்காரர் வருகிறவர்களிடம் எல்லாம் கைகாட்டினார். ஆசிப் வீடியோ காலில் வந்து கேமரா வைக்கச் சொன்னான், வீட்டை விற்கச் சொன்னான். இஷ்ரத் அழுதாள், அத்தாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று. செல்வக்குமார் தெரு வாட்ஸப் குழுவில் அவர் படத்தைப் போட்டுக் கைதட்டல் பொம்மைகளை அடுக்கினான்.

நைனா தன்னிடம் இருந்த ஒரே சரக்கை எங்கெல்லாமோ கொண்டுபோய் விரித்துப் பார்த்தார். அவன் கேட்டான், நான் திறக்கவில்லை. யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜரத்திடம் சொன்னார். ஹஜரத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்க நிய்யத் என்னவா இருந்துச்சு, கொல்லணும்னு நினைச்சீங்களா என்றார்.

"கொல்லணும்னு நினைக்கல, ஹஜரத். ஜெயிக்கணும்னு நினைச்சேன்."

ஹஜரத் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். ஏழைகளுக்குச் சதக்கா கொடுங்கள், அல்லாஹ் மன்னிக்கிறவன் என்றார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

கடைசியில் காளையின் வீட்டுக்கே போனார். கப்பலூர் தாண்டி, கம்பெனிகளுக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் அதற்கு ஒரு பதில் எதிர்பார்க்கத் தோன்றும் என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியும். காளையின் மனைவி பெயர் தங்கப்பொண்ணு. தொட்டியடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள், இவர் யாரென்று சொன்னதும் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வெயிலில் இரண்டு பேரும் நின்றார்கள்.

அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. கடைசியாகத் தன் புருஷன் என்ன பேசினார் என்று கேட்டாள். அதைத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். நைனா முதல் வார்த்தையிலிருந்து சொன்னார், ஒன்றையும் குறைக்கவில்லை. பெயர் கேட்டது, பீரோவில் சேலை, ஓட்டல் சாப்பாடு. அடுப்புத் தூசியைச் சொன்னபோது அவள் முகம் ஒரு நிமிஷம் சிரித்தது. அந்த மனுசன் எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்படியத்தான் பார்ப்பாரு என்றாள். பிறகு இழுப்பைச் சொன்னார். மருந்து, பைக், ஸ்க்ரூட்ரைவர், கம்பெனி, எத்தனை மாசம். தான் கேட்ட எல்லாக் கேள்விகளையும் வரிசையாகச் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கதவத் திறக்காததுக்கு உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒத்தையில இருந்தா நானும் திறந்திருக்க மாட்டேன். உள்ள இருக்கிறவன் யாருன்னு கண்டது?"

நைனா தலைகுனிந்து நின்றார். அவ்வளவுதானா என்று இருந்தது. இதைத்தான் எல்லாரும் சொன்னார்கள்.

"ஆனா நீங்க பேச்சுக் குடுத்திருக்கக் கூடாது, பாய். இழுப்பு வந்துட்டா அவரு வாயே திறக்கக் கூடாது. நான் கையால வாயப் பொத்தி, சாச்சு உக்கார வச்சு, முதுகத் தடவிக்கிட்டே இருப்பேன். பேசுனா போச்சு. நீங்க கேக்கக் கேக்க அவரு பதில் சொல்லிக்கிட்டே இருந்திருக்காரே."

அவள் திரும்பித் தொட்டியடிக்குப் போய்ப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மெயின் ரோட்டில் மதுரை பஸ் வந்தது. நைனா ஏறி ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் எந்த ஊர், என்ன தொழில், போட்டிருக்கும் சட்டை என்ன விலை என்று இறங்குவதற்குள் தெரிந்துகொண்டுவிடுகிற மனுஷன் அவர். அடுத்த ஸ்டாப்பில் ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, இந்த வருஷம் வெயில் ஆளைக் கொல்லுது பாய் என்றார். பாய்க்கு எந்தப் பக்கம் என்றும் கேட்டார்.

நைனா அவரைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டார். பெரியவர் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார். பிறகு, காது கேட்காதவர் போல என்று நினைத்து விட்டுவிட்டார்.